வேரில் தங்கும் உலோகம்: வாசகர் கேள்வி – பதில்

நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரிலுள்ள கன உலோகங்களை நீக்குவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஏழினை எடுத்துக்கொண்டு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் ஊர் ஏரி முழுவதும் ஆகாயத் தாமரை மூடிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து அதை அள்ளப் போனபோது, "தோல் கழிவின் விஷத்தை அதுதான் உறிஞ்சுகிறது, எடுக்காதீர்கள்" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். அவர் சொல்வது உண்மையா?
— வாசகி, வாணியம்பாடி

அந்தப் பெரியவர் சொன்னது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் அதன்படி நடந்தால் ஏரிக்குத் தீங்குதான் நேரும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சித்த மருத்துவ நூல்களில் ஆகாயத் தாமரை எனப்படுவது, முட்டைக்கோசைப் போல இலைகளை விரித்து மிதக்கும் வேறொரு செடி. நம் ஏரிகளை இன்று மூடிக் கிடப்பதும், செய்தித்தாள்கள் அதே பெயரால் குறிப்பிடுவதும், தென் அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் ஊதாப் பூவின் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்ட வெங்காயத் தாமரை. அதன் இலைக்காம்பு வெங்காயத்தைப் போல் உப்பியிருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்ற சதை தெரியும்.

கையுறை அணிந்துகொண்டு ஒரு செடியை வேரோடு தூக்கிப் பாருங்கள். இலைப்பகுதி ஒரு முழம் இருந்தால், வேர்க்கொத்தும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தொங்கும். புட்டி கழுவும் தூரிகையைப் போல, ஒவ்வொரு வேரிலும் கருநீல நிறத்தில் நூற்றுக்கணக்கான கிளை வேர்கள் அடர்ந்திருக்கும். அவற்றில் சேறும் நுண்ணுயிர்ப் படலமும் ஒட்டிக்கொண்டு, நீர் சொட்டச் சொட்டக் கனக்கும். உலோகம் பெரும்பாலும் தங்குவது இந்த வேரில்தான். இலைக்கு ஏறுவது அதில் ஒரு சிறு பங்கே. வேர்ச் செல்களின் சுவரிலுள்ள பெக்டின் போன்ற பொருள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், நேர்மின்னூட்டத்துடன் நீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு, நிக்கல், காட்மியம் ஆகியவை அவற்றின் மீது ஒட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் நுழைந்துவிடும் காட்மியத்தை, கந்தகம் கொண்ட சிறு புரத இழைகளால் பற்றி, செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில் செடி பூட்டி வைக்கிறது.

தோல் பதனிடப் பயன்படுவதால் உங்கள் பகுதிக்கு உரியதாகிவிட்ட குரோமியத்தின் கதை இன்னும் வியப்பானது. மஞ்சள் நிறம் கொண்டதும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதுமான ஆறிணைதிறக் குரோமியம், நீரில் குரோமேட்டாகக் கரைந்திருக்கும்போது சல்பேட்டைப் போன்ற உருவம் கொண்டிருப்பதால், சல்பேட்டுக்கென்று வேர் திறந்து வைத்திருக்கும் வாயில் வழியாகவே உள்ளே புகுந்துவிடுகிறது. அவ்வாறு புகுந்த குரோமியத்தை வெங்காயத் தாமரை நச்சு மிகக் குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றிவிடுகிறது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். அதற்கும் முன்னரே, 1970களில், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மிசிசிப்பி மையத்தில் உல்வர்டன் என்பவர் ஆய்வுக்கூடக் கழிவுநீரை இந்தச் செடி வளர்ந்த குளங்களில் விட்டுச் சுத்திகரித்துக் காட்டினார்.

பெரியவர் சொன்னதில் உண்மையான பகுதி இதுவரை சொன்னதுதான். இனி மற்றப் பாதி. சாக்கடையின் அழுக்கு நுண்ணுயிர்களால் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிப்போகும். உலோகம் அப்படிச் சிதைவதில்லை. அது இருக்கும் இடத்தை மாற்றுகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை. அள்ளப்படாத செடி முதிர்ந்து, அழுகி, ஏரியின் அடியில் படியும்போது, அது பிடித்து வைத்திருந்த உலோகம் சேற்றுக்கும் நீருக்கும் திரும்பிவிடுகிறது. இதற்கிடையில் செடியின் மூடாக்கு வெயிலையும் காற்றையும் தடுத்து, நீரிலுள்ள உயிர்வளியைக் குறைத்து, மீன்களைக் கொல்கிறது. எனவே இளைஞர்கள் செடியை அள்ளுவதே சரி. ஆனால் அள்ளியதைக் கரையில் குவிக்கவோ, வயலுக்கு எருவாக்கவோ கூடாது. ஓரிரு செடிகளின் வேரை ஆய்வகத்தில் சோதித்த பிறகே அது வெறும் தழையா, நச்சுக் கழிவா என்று முடிவு செய்ய வேண்டும்.

சிறிய தோல் பதனிடும் ஆலை நடத்துகிறேன். சுத்திகரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை. அரை ஏக்கரில் குளம் வெட்டிச் செடிகளை வளர்த்துக் குரோமியத்தை நீக்கிக்கொள்ள முடியுமா?
— வாசகர், ராணிப்பேட்டை

முடியாது. கசப்பான பதில்தான், ஆனால் ஒரு எளிய கணக்கைப் பார்த்தால் காரணம் உங்களுக்கே விளங்கும்.

வெங்காயத் தாமரையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். ஒரு டன் பச்சைச் செடியைக் காயவைத்தால் 50 கிலோதான் மிஞ்சும். ஒரு கிலோ உலர்ந்த செடியில் ஒரு கிராம் குரோமியம் சேர்ந்தால், அது தாராளமான மதிப்பீடு; அந்த அளவைத் தொடும் தாவரங்களைத்தான் 'மிகைத் திரட்டிகள்' என்று அறிவியலாளர்கள் தனித்துக் குறிப்பிடுவது வழக்கம். அதன்படி, ஒரு டன் செடியில் அடங்குவது 50 கிராம் குரோமியம். தோலைப் பதனிடும் உங்கள் டிரம்மிலிருந்து வடியும் குரோம் நீரில் லிட்டருக்கு 3 கிராம் குரோமியம் இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒரு டன் செடியை வளர்த்து, அறுத்து, அப்புறப்படுத்தினால் நீங்கள் சுத்தம் செய்திருப்பது பதினேழு லிட்டர் நீரை, அதாவது ஒரு குடம் குரோம் நீரை. அத்தனை அடர்த்தியான நீரில் செடி உயிரோடு இருக்கவும் இருக்காது.

இதே கணக்கை மறுமுனையிலிருந்து பாருங்கள். நீர்நிலையில் விடத்தக்க கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. முறையாகச் சுத்திகரித்து அந்த அளவுக்குக் கொண்டுவரப்பட்ட நீராக இருந்தால், அதே ஒரு டன் செடி 25,000 லிட்டரில் எஞ்சியிருக்கும் குரோமியத்தை ஏற்றுக்கொள்ளும். தாவரங்களின் இடம் எது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. வேதிமுறைகள் செலவுமிக்கவையாகவும் திறன் குறைந்தவையாகவும் ஆகிவிடும் கடைசிக் கட்டத்தில், எஞ்சிய சிறு அளவை வடித்தெடுக்கத்தான் அவை உதவும். முதல் கட்ட வேலையை அவற்றின் தலையில் சுமத்தக் கூடாது.

முதல் கட்டத்துக்கு உங்களுக்கு உகந்தது குரோமிய மீட்பு. தோல் எடுத்துக்கொள்வது போடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான். மீதி நீரோடு போகிறது. குரோம் நீரை மற்றக் கழிவுநீரோடு கலக்கவிடாமல் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் பச்சை வண்டலாக அடியில் தங்கும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக எடுத்துச் சொல்லிவரும் வழி இது. வீணாகும் வேதிப்பொருளைத் திரும்பப் பெறுவதால் செலவில் ஒரு பகுதி உங்களுக்கே திரும்பி வரும்.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. பாலாற்றுப் பகுதியின் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்துக்கு இணையான பங்கு உப்புக்கும் உண்டு. தோலைக் கெடாமல் காக்கத் தூவும் உப்பு பெரும்பாலும் ஊறவைக்கும் நீரில் வந்து சேர்கிறது. நான் இங்கே பேசும் செடிகள் எவையும் அந்த உப்பை எடுத்துவிடாது. மாறாக, கடல்நீரின் உப்பில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே வெங்காயத் தாமரை பட்டுப்போகும். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று நிலைநாட்டியது. அத்தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாலாற்றங்கரைக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத ஊர்கள் இருக்கின்றன என்பதை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உப்பும் பெரும்பகுதிக் குரோமியமும் நீங்கிய நீருக்கு, மிதக்கும் செடிகளைவிடச் சம்பு, நாணல் ஆகியவற்றை நட்ட சரளைக்கல் படுகை மேலானது. ஜெர்மனியில் கேத்தே சைடல் அம்மையார் 1950களிலிருந்து செய்த ஆய்வுகளில் வேரூன்றிய முறை இது. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. படுகையில் நீங்கும் உலோகத்தில் செடி நேரடியாக எடுப்பது சிறு பகுதிதான்; பெரும்பகுதி சரளையிலும் சேற்றிலும் தங்குகிறது. செடியின் தண்டு, காற்றை வேர் வரை கொண்டுசெல்லும் குழாயாக இருக்கிறது. வேரைச் சுற்றிக் கசியும் உயிர்வளியால் அங்கே இரும்புத் துரு படிந்து, அதில் உலோகங்கள் ஒட்டுகின்றன. சற்றுத் தள்ளிக் காற்றில்லாத இடத்தில், சல்பேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பல உலோகங்களைக் கரையாத சல்பைடாக மாற்றிப் படியவைக்கின்றன. ஆகவே படுகையே ஒரு சேமிப்புக் கிடங்கு; ஒரு நாள் அது நிரம்பும், அன்று தோண்டி எடுத்தாக வேண்டும். அந்தச் செலவையும் இன்றைக்கே திட்டத்தில் எழுதி வையுங்கள்.

அறுத்த செடியை என்ன செய்வது? காயவைத்து எரித்துவிட்டால் போதாதா?
— வாசகர், ஈரோடு

இந்தத் துறையில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி இது. பெரும்பாலும் கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையின் சுத்திகரிப்புக் குளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். செடிகளை ஒழுங்காக மாதந்தோறும் அறுத்து, நீரின் பரிசோதனை முடிவுகளையும் அழகாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அறுத்த செடி எங்கே என்று கேட்டேன். குளத்தின் கரைமேல் இடுப்பளவு உயரத்துக்குக் குவித்திருந்ததைக் காட்டினார்கள். அடியிலிருந்த செடி கறுத்து அழுகி, முந்தைய இரவு பெய்த மழையில் கரைந்து, பழுப்பு நிறத்தில் கோடு கோடாக அதே குளத்துக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் எடுத்ததை மழை ஓர் இரவில் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

திறந்தவெளியில் எரிப்பது அதைவிடத் தீங்கு. பாதரசமும் ஆர்சனிக்கும் காட்மியமும் தீயின் வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு போகும். குரோமியமோ, சாம்பலின் காரத்தன்மையும் காற்றும் சேரும்போது மீண்டும் ஆறிணைதிற வடிவத்துக்குத் திரும்பக்கூடும்; செடி பாடுபட்டு நச்சு நீக்கியதை நாம் தீ வைத்து நச்சாக்குகிறோம். சாண எரிவாயுக் கலனில் போட்டால் எரிவாயு கிடைக்கும், ஆனால் உலோகம் முழுவதும் கரைசலில் தங்கிவிடுவதால் அது உரமாகாது. சரியான வழி, கசிவு மண்ணில் இறங்காதபடி சிமென்டுத் தளமும் கூரையும் அமைத்துச் செடியை உலர்த்தி, சோதித்து, உலோகம் வரம்பை மீறியிருந்தால் அபாயகரக் கழிவுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற பாதுகாக்கப்பட்ட நிலையத்துக்கு அனுப்புவதே. உலர்த்தினால் எடை இருபதில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் அனுப்பும் செலவும் தாங்கத்தக்கதாகிறது.

நிக்கல், குரோம் முலாம் பூசும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு எந்தச் செடி ஏற்றது?
— வாசகர், கோவை

மேலே தோல் ஆலைக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: முதலில் வேதிமுறை, பிறகுதான் செடி. குரோம் நீரை அமிலத்தன்மையில் வைத்து, மெட்டாபைசல்பைட்டு சேர்த்து மூவிணைதிறமாக்கி, பின் சுண்ணாம்பால் வண்டலாக்குங்கள். சயனைடு கலந்த முலாம் நீர் உங்களிடம் இருந்தால், அதையும் அமிலம் சேர்க்கும் இந்த நீரையும் எக்காரணத்தைக் கொண்டும் ஒரே தொட்டியிலோ ஒரே வடிகாலிலோ சேர விடாதீர்கள். உடனே உயிரைக் குடிக்கும் வாயு உண்டாகும். இவற்றுக்குப் பின் எஞ்சும் நிக்கலுக்கு வெங்காயத் தாமரையும், பச்சைத் தவிடு தூவியதுபோல் நீர்மேல் படரும் லெம்னாவும் உதவும்.

மாடுகளுக்கு அசோலா வளர்த்துத் தருகிறேன். அசோலா நீரைச் சுத்தம் செய்யும் என்கிறீர்களே, சாயப்பட்டறை நீர் வரும் வாய்க்காலில் வளர்த்தால் நீரும் சுத்தமாகும், தீவனமும் கிடைக்கும் அல்லவா?
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீரில் மிதக்கும் சிறு பெரணியான அசோலா உலோகத்தை எடுக்கிறது என்பதும் அசோலா நல்ல தீவனம் என்பதும் தனித்தனியே உண்மை. ஒரே செடியில் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது. நீரிலிருந்து அது எடுத்த ஈயமும் காட்மியமும் மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயத்தில் ஒரு பகுதி பாலுக்கும் வரும். தீவன அசோலாவை இப்போது நீங்கள் செய்வதுபோல், தார்ப்பாய் விரித்த தொட்டியில் நல்ல நீரில் மட்டும் வளர்த்து வாருங்கள்.

இதே எச்சரிக்கையைக் கீரை வாங்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் பொன்னாங்கண்ணியும், நீரில் படரும் வள்ளைக் கீரையும் உலோகங்களை எளிதில் எடுத்துக்கொள்ளும் செடிகள். கழிவுநீர் ஓடும் ஓரங்களில் அவை தழைத்து, இலை பளபளத்து வளரும். அந்தச் செழிப்பு சாக்கடையின் தழைச்சத்தால் வருவது. கொதிக்க வைத்தாலும் உலோகம் அழியாது. நன்றாக அலசினால் ஒட்டியிருக்கும் சேறு போகுமே தவிர, இலைக்குள் சென்றது போகாது. கீரை எந்த நீரில் வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்பதைத் தவிர, வாங்குபவருக்கு வேறு வழியில்லை.

உயிருள்ள செடியே வேண்டாம், காய்ந்த வேர்ப் பொடியே போதும் என்று படித்தேன். உண்மையா?
— ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

உண்மை. உலோகத்தைப் பற்றுவது பெரும்பாலும் செல் சுவர் என்பதால், செடி உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வங்கதேசத்தில் எடுத்த வெங்காயத் தாமரையின் வேரைக் காயவைத்துப் பொடித்து, இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்த நீரிலிருந்து ஒரு மணி நேரத்தில் 93 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கினார்கள். கிணற்று ஆர்சனிக்கால் கோடிக்கணக்கானோர் துன்புறும் நாட்டில், தொல்லையாகக் கிடக்கும் களையே மருந்தாகும் என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 200இல் 93 விழுக்காடு போனால் மீதி 14 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10. மேலும், நச்சு ஏறிய பொடியைச் சேகரித்துத் திரும்பப் பெறும் ஏற்பாடு இல்லாத கிராமத்தில், அது வீட்டுக் கொல்லையில்தான் கொட்டப்படும். ஆகவே இது இன்னும் ஆய்வில் வளர வேண்டிய முறை. வீட்டில் செய்து குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பிளஸ் ஒன் படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்துகாட்ட விரும்புகிறேன். எப்படிச் செய்வது?
— மாணவி, மதுரை

உங்கள் வேதியியல் ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள். குரோமியமும் ஈயமும் வேண்டாம். ஆய்வகத்திலுள்ள மயில்துத்தமே (காப்பர் சல்பேட்) போதும். 2 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் 100 மில்லியை ஒரு வாளியில் ஊற்றி, மொத்தம் 10 லிட்டராக நிரப்பினால், லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் செம்பு இருக்கும். இப்படி இரண்டு வாளிகள் தயாரித்து, ஒன்றில் நன்கு கழுவிய நான்கைந்து வெங்காயத் தாமரைச் செடிகளை விடுங்கள். மற்றொன்றைச் செடியில்லாமல் வையுங்கள். மூன்றாவது வாளியில் வெறும் நீரும் செடியும் இருக்கட்டும்.

செடியில்லாத வாளி எதற்கு என்று நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கடினநீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து செம்பு தானாகவே கொஞ்சம் படியும். வாளியின் சுவரிலும் ஒட்டும். அந்தக் குறைவைச் செடியின் கணக்கில் சேர்த்துவிடாமல் இருக்கவே அந்த வாளி. இதைவிட எளிதில் கவனம் தவறும் இடம் ஒன்று உண்டு. செடி இலை வழியாக நிறைய நீரை ஆவியாக்கிவிடும். நீர் குறைந்தால் மிஞ்சிய செம்பின் அடர்த்தி கூடி, செடி எதையும் எடுக்காததுபோல் தோன்றும். ஆகவே 10 லிட்டர் மட்டத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரால் அந்தக் கோடு வரை நிரப்பிக் கலக்கிய பிறகே மாதிரி எடுங்கள். தொடக்கத்திலும், 1, 3, 7 ஆகிய நாள்களிலும் எடுத்து, செம்பைக் காட்டும் சோதனைத் தாளால் பாருங்கள். இலை நுனி கருகினால் அதையும் தேதியிட்டு எழுதுங்கள்.

முடிந்தபின் வாளி நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஒரு நாள் விட்டால் எஞ்சிய செம்பு அடியில் படியும். அந்த வண்டலையும் உலர்த்திய செடிகளையும் ஒரு பையில் கட்டி, உள்ளே இருப்பது என்ன என்று சீட்டு எழுதி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மூன்றாவது வாளியிலுள்ள, செம்பு படாத செடிகளையும் குளத்தில் விடாமல் வேரோடு காயவைத்துவிடுங்கள். ஒரு குளம் மூடிப்போக அதில் ஒரு செடி தப்பினால் போதும்.